கூரை மடக்கும் பழைய கார்: என் 4,630 பவுண்டு போன விதம்

இதை எழுதும்போது கார் என் வீட்டு வாசலில் தார்ப்பாயின் கீழ் நிற்கிறது. கடந்த வியாழக்கிழமை எம்.ஓ.டி. பரிசோதனையில், அதாவது வாகனம் வீதியில் ஓடத் தகுதியானதா என்று இங்கே ஆண்டுதோறும் பார்க்கும் சோதனையில், அது தேறவில்லை. தேறவில்லை என்று மட்டும் சொன்னால் போதாது. வீதியில் ஓட்டவே கூடாத ‘ஆபத்தான’ வகை என்று பதிந்துவிட்டு, இழுவை வண்டியை அழைத்து ஏற்றிக்கொண்டு போகும்படி பரிசோதகர் சொன்னார். காருக்கு 3,450 பவுண்டு, அதைத் திருத்துவதாகச் சொன்ன கராஜுக்கு 1,180 பவுண்டு, ஆக 4,630 பவுண்டு. கோபம் ஆறிய பிறகு எழுதினால் என் மடத்தனத்தில் பாதியை மறைத்துவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

வாங்கியது 2003ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டாம் தலைமுறை. கார்மீது எனக்குக் குறையில்லை. 1989இல் அறிமுகமாகி, 2016இல் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட இந்த இரண்டு இருக்கைக் கார், இங்கிலாந்தில் குறைந்த செலவில் கூரை திறந்து ஓட்ட ஆசைப்படுகிற எல்லோரும் முதலில் தேடுவது. இங்குள்ள மழையிலும், பனிக்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பிலும் இருபது ஆண்டு ஓடிய இரும்பு கறள் பிடிக்கத்தான் செய்யும். கறளைக் கண்டும் அதன்மேல் கறுப்புப் பூச்சு அடித்து விற்றவர்மீதுதான் என் கோபம்.

யார் வேண்டுமானாலும் பழைய வாகனங்களை விளம்பரம் செய்யக்கூடிய ஓர் இணையத்தளத்தில் அதைப் பார்த்தேன். “மனைவியின் கார், குழந்தை பிறந்துவிட்டதால் விற்கிறோம்” என்று எழுதியிருந்தது. ஏப்ரல் முதல் வாரம் மச்சானையும் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் இருவரும் தமிழில் பேசிக்கொண்டு இறங்குவதைக் கேட்டவுடன் அந்த மனிதருடைய முகமே மாறியது. “தம்பி, ஊரிலை எவடம்?” என்று தொடங்கி, உள்ளே கூப்பிட்டு, பால் தேநீர் தந்து, என் தகப்பனார் படிப்பித்த பள்ளிக்கூடம் வரைக்கும் விசாரித்தார். அடிப்பக்கம் ஏன் இவ்வளவு புதிதாகக் கறுப்பாக இருக்கிறது என்று நான் கேட்டபோது, “அது பாதுகாப்புக்கு அடிச்சது. எங்கட ஆக்களுக்கு நான் பிழையான சாமான் குடுப்பனோ, தம்பி?” என்றார்.

அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு, தேநீர் தந்தவருடைய வாசலில் ஈரச் சரளையில் படுத்து அவருடைய காரின் வயிற்றைத் தட்டிப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. “மச்சான், அடியிலை ஒருக்காப் படுத்துப் பாரன்” என்று மச்சான் மெதுவாகச் சொன்னபோது கண்ணால் அடக்கியவன் நான்தான். அந்த நேரம் பார்த்து வெயிலும் எறித்தது. அவர் கண்ணாடிக்கு மேலே உள்ள இரண்டு கொளுவிகளைக் கழற்றி, ஒரு கையால் கூரையைப் பின்னால் தள்ளினார். 3,800 கேட்டவர் 3,450க்கு இறங்கியபோது நான்தான் வென்றேன் என்று நினைத்தேன். அங்கேயே நின்று கைப்பேசியில் பணத்தை வங்கிக்கு அனுப்பினேன்.

ஏழு வாரம் நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு நாள் ரயர் மாற்றப் போன இடத்தில் பையன் ஜாக்கை வைத்து உயர்த்த, கார் உயரவில்லை. ஜாக்தான் உள்ளே போனது. நொறுக்குத் தீனிப் பொட்டலத்தை மிதித்ததுபோல ஒரு சத்தம். கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதியைச் ‘சில்’ என்கிறார்கள். கூரை இல்லாத காருக்கு முறுக்கிக்கொள்ளாமல் இருக்கும் பலத்தில் பெரும் பங்கு அதில்தான். இந்தக் காரில் துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் சேர்ந்து, இரு பக்கக் குழாய்களால் கீழே வடிய வேண்டும். இலைச் சருகும் பாசியும் அந்தக் குழாய்களை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி வழிந்து, சில்லை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே வர்ணம் பளபளக்கும்போதே உள்ளே ஒன்றும் இருக்காது. என் காரில் பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள பகுதி இரண்டு பக்கமும் அப்படித்தான் இருந்தது.

அன்று மாலையே அவரை அழைத்தேன். முதல் நாள், “இருபது வருசக் கார் எண்டால் அப்பிடித்தான், தம்பி” என்றார். இரண்டாம் நாள், மழையில் வெளியே விட்டீர்களா என்று என்னையே கேட்டார். மூன்றாம் நாள் குரல் இறங்கி, தனக்குத் தெரிந்த கராஜ் ஒன்று இருக்கிறது, முந்நூறு பவுண்டுக்குள் ஒட்டித் தருவார்கள் என்றார். நான் அதையும் நம்பினேன். ஒருமுறை ஏமாந்தவனை இரண்டாம் முறை ஏமாற்றுவது சுலபம் என்பதை அவர் என்னைவிட நன்றாக அறிந்திருந்தார்.

முந்நூறு, உள்ளே திறந்து பார்த்த பிறகு அறுநூறு ஆனது. மற்றப் பக்கத்துக்கும் சேர்த்து 1,180 ஆனது. மூன்று வாரம் கழித்துக் கார் புது வர்ணத்தோடு வந்தது. மச்சானுடைய நச்சரிப்பால் மட்டும், சம்பந்தமே இல்லாத வேறோர் இடத்தில் எம்.ஓ.டி.க்குக் கொடுத்தேன். பரிசோதகர் சில்லைத் தட்டிய இடத்தில் புட்டி, அதாவது ஓட்டையை மூடப் பூசும் பசை, உதிர்ந்தது. அதன் பின்னால் அலுமினிய வலை. ஆசனப் பட்டி பொருந்தும் இடத்திலிருந்து 30 சென்றிமீற்றருக்குள் கறள் அரித்திருந்தால், புதிய தகட்டை வைத்து இடைவெளி விடாமல் சுற்றிவர வெல்டிங் செய்திருக்க வேண்டும். புட்டியும் வலையும் அங்கே திருத்தம் ஆகாது. கராஜுக்கு அழைத்தால் முதலாளி விடுமுறையில் இருக்கிறார். காரைக் கொண்டுவாருங்கள், பார்க்கிறோம் என்கிறார்கள். ஓட்டக் கூடாத காரை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டால் தொடர்பு அறுந்துவிடுகிறது. விற்றவரோ என் செய்திகளைப் பார்த்து, இரண்டு நீலக் கோடு விழுந்த பிறகு, என் இலக்கத்தையே தடுத்துவிட்டார்.

எரிச்சல் என்னவென்றால், எல்லாம் எழுதியே இருந்தது. அரசாங்க இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்தால் பழைய எம்.ஓ.டி. முடிவுகள் இலவசமாக வரும். நான் மேலே இருந்த ‘தேறியது’ என்பதை மட்டும் பார்த்தேன். நேற்றிரவு கீழே இறங்கி வாசித்தேன். இரண்டு ஆண்டுகளாக இரு சில்களிலும் கறள் என்று எச்சரிக்கை. இந்த ஆண்டு அந்த எச்சரிக்கை மறைந்து, அடிப்பக்கத்தில் கனமான பூச்சு உள்ளது என்ற குறிப்பு. எம்.ஓ.டி.யில் எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை. பூச்சுக்கு உள்ளே இருப்பதை அது சொல்லாது.

‘மனைவியின் கார்’ என்பதும் பொய். பதிவுப் புத்தகத்தில் இருந்த பெயர் யாரோ ஓர் ஆங்கிலேய மூதாட்டியுடையது. அதே கைப்பேசி இலக்கத்தில் இன்னும் நான்கு கார்கள் விற்பனைக்கு இருப்பதை மச்சான் கண்டுபிடித்துப் படம் எடுத்து வைத்திருக்கிறார். இது முக்கியம், ஏனென்றால் அவர் வியாபாரி என்பதை அது காட்டுகிறது. தனியார் விற்றால் சொன்னபடி இருந்தால் போதும். வியாபாரி விற்றால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் வரும்: முதல் 30 நாளில் காரைத் திருப்பிக் கொடுக்கலாம், ஆறு மாதத்துக்குள் என்றால் வாங்கும்போதே பிழை இருந்தது என்று கொள்ளப்படும், ‘பார்த்தபடி விற்கப்பட்டது’ என்று பற்றுச்சீட்டில் எழுதி அதிலிருந்து தப்ப முடியாது. என் பற்றுச்சீட்டில் அதைத்தான் எழுதித் தந்திருக்கிறார்.

விரிவாக ஆலோசனை எழுதுவதாகத் தெரிந்தவர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது கை ஓடவில்லை, இவ்வளவுதான். சில்லை விரலால் அழுத்திப் பாருங்கள், கம்பளத்தைத் தூக்கி ஈரம் பாருங்கள், புதுக் கறுப்புப் பூச்சைக் கண்டால் திரும்பி வாருங்கள். விற்பவர் காட்டும் கராஜுக்குப் போகவே வேண்டாம். வியாபாரியிடம் வாங்கினால் ஒரு பகுதியையாவது கடனட்டையில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேற்பட்ட விலைக்கு அட்டை நிறுவனமும் பொறுப்பு. தேநீர் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

காரை வீதியில் ஓடாத வாகனமாக அறிவித்துவிட்டேன். சிறு வழக்கு நீதிமன்றத்தில் 10,000 பவுண்டு வரை கோரலாம் என்பதால், 4,630 பவுண்டையும் இழுவைக் கூலியையும் கேட்டு, வழக்குக்கு முந்திய அறிவித்தல் கடிதம் ஒன்றை நாளை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பற்றுச்சீட்டில் விற்றவர் எழுதிய முகவரி உண்மையானதா என்பது அதற்குப் பிறகு தெரியும்.