அமெரிக்கத் தனியார் வெள்ளிக் காசுகள்: ரவுண்டா, லிபர்ட்டி டாலரா, டேனியல் கார் அடித்ததா?

எடைக்கு வெள்ளி வேண்டும் என்றால் சாதாரண ரவுண்ட், அதாவது தனியார் அடிக்கும் காசு வடிவ வெள்ளி வில்லை போதும். 999 தூய்மை (ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி), 1 டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம்; பெரும்பாலும் 39 மி.மீ. விட்டம். முகமதிப்பு கிடையாது. அன்றைய வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் பிரீமியம், அவ்வளவுதான். விற்கும்போது வியாபாரி படத்துக்குக் காசு தரமாட்டார். எனவே அழகான டிசைனுக்கு அதிகம் கொடுப்பது வீண். 1980களில் எங்கல்ஹார்ட் நிறுவனம் அடித்த ‘ப்ராஸ்பெக்டர்’ ரவுண்ட் போன்ற சில மட்டும் விதிவிலக்கு.

லிபர்ட்டி டாலரும் அதே அவுன்ஸ் வெள்ளிதான். 1998இல் பெர்னார்ட் வான் நாட்ஹவுஸ் தொடங்கியது. வெள்ளிக்காசில் முதலில் 10 டாலர், பிறகு 20 டாலர் என்று பொறித்தார், வம்பு அங்கேதான். இதைப் பணமாகப் புழங்குவது குற்றம் என்று 2006இல் அமெரிக்க நாணயசாலை எச்சரித்தது, 2007இல் எஃப்.பி.ஐ. சோதனை, 2011இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு. இன்று இதற்குக் கிடைக்கும் கூடுதல் விலை அந்த வழக்கின் கதைக்குத்தான்.

சேகரிப்பு என்ற கண்ணோடு பார்த்தால் என் ஓட்டு தனியாகக் காசு வடிவமைத்து அடிக்கும் டேனியல் காருக்கு. டென்வர் நாணயசாலை 1965இல் 316,076 பீஸ் டாலர்களை (பழைய வகை ஒரு டாலர் வெள்ளி நாணயம்) 1964 என்ற ஆண்டோடு அடித்து, பின்னர் உருக்கிவிட்டது. கார் அதே ஆண்டைப் பொறித்த தன் அச்சை, அசல் பழைய பீஸ் டாலர் மேலேயே அடித்தார். எடை 26.73 கிராம், தூய்மை 900, இரண்டும் அசலுடையதே. தராசு இங்கே எதையும் காட்டிக்கொடுக்காது. லென்ஸில் பழைய எழுத்தின் தடம் தெரிகிறதா என்று தேடுங்கள். ‘நகல்’ முத்திரை இல்லாததால், போலி நாணயங்களில் அந்த முத்திரை வேண்டும் என்னும் 1973ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தை வைத்து இன்றும் சண்டை நடக்கிறது. விற்கும்போது மறுஅச்சு என்று சொல்லாமல் விட்டால் அது மோசடி.

ரவுண்டில் போலியைப் பிடிக்கத் தண்ணீர் போதும். தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். 31.1 கிராம் வெள்ளிக்குத் தராசு சுமார் 2.96 கிராம் காட்டும்; செம்பென்றால் 3.47, பித்தளை இன்னும் அதிகம். காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும். ஒரு தட்டு தட்டிவிடுங்கள்.

குத்துவிளக்கைப் போல விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள், கீறல் விழும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை காசில் பச்சைக் கறை படியவைக்கும். சில்வர் ஈகிள் என்ற அமெரிக்க அரசு வெள்ளி நாணயத்துக்கான 40.6 மி.மீ. காப்ஸ்யூலில் (பிளாஸ்டிக் சிமிழ்) 39 மி.மீ. ரவுண்டைப் போட்டால் ஆடி ஆடி விளிம்பு தேயும். பீஸ் டாலருக்கு 38 மி.மீ. காப்ஸ்யூல் வாங்குங்கள்.