ஓரியூர் புனித அருளானந்தர் திருத்தலம்: ஒரு மதிப்புரை

இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூர்த் திருத்தலத்தின் தனிச்சிறப்பு, ஜான் டி பிரிட்டோ என்னும் புனித அருளானந்தர் உயிர்நீத்த மண்ணிலேயே அது எழுந்திருப்பதாகும். 1647இல் போர்த்துகல் நாட்டு லிஸ்பனில் உயர்குடியில் பிறந்து, சேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்து, சேதுபதிகள் ஆண்ட மறவ நாட்டில் காவியுடுத்தி மரக்கறி உண்டு துறவியாய் வாழ்ந்த அவர், 1693 பிப்ரவரி 4, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று இங்கே தலை வெட்டப்பட்டார். புனிதர் பட்டம் 1947இல் வழங்கப்பட்டது.

போர்த்துகீசியப் பாணியில் அமைந்த ஆலய முகப்பு அழகுதான். ஆனாலும் மனம் நிலைப்பது செம்மண்ணில்தான். அவரது இரத்தம் தோய்ந்து சிவந்தது என நம்பும் மக்கள், பிள்ளைவரம் வேண்டி வரும் பெண்கள் உட்பட, அதில் ஒரு சிட்டிகையை நெற்றியில் இட்டு, மீதியை முந்தானையில் முடிந்துகொள்கிறார்கள்; அந்த நம்பிக்கைக்கு மத வேறுபாடு கிடையாது. அமைதியாக மன்றாட விரும்புவோர் திருவிழா நாட்களைத் தவிர்த்து, சாதாரண நாளின் காலை வேளையில் செல்லுமாறு உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.