இண்டியானா கால்வாய்ப் பத்திரம் விற்க யாராவது வீட்டுக்கு வந்தால்

இண்டியானாவில் இருக்கும் நம் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இண்டியானாவில் வெட்டிய வாபாஷ் - ஈரி கால்வாயின் கடன் பத்திரம் என்று ஒருவர் பழுப்பேறிய தாள்களை வீடு வீடாக விற்றுவருகிறார். நான் 2,400 டாலர் கொடுத்து ஒன்று வாங்கி ஏமாந்தேன். தயவுசெய்து நீங்கள் வாங்காதீர்கள்.

அவர் நமக்குப் புதியவர் அல்லர். பொங்கல் விழாவில் முன்னால் நின்று பரிமாறுகிறவர். என் பிள்ளைகள் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, காப்பி குடித்துவிட்டு, பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆண்டு 1847, தொகை ஆயிரம் டாலர். "தம்பி, இது தனியார் கம்பெனிக் காகிதம் இல்லை. மாநில அரசாங்கம் வாங்கிய கடன். இன்றுவரை அடைக்கவில்லை" என்றார். 5 சதவீதக் கூட்டு வட்டி என்று அவரே வைத்துக்கொண்டு 178 ஆண்டுகளுக்குக் கைபேசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஏறக்குறைய 59 லட்சம் டாலர் வந்தது. என் மனைவி அப்போதே முகம் சுளித்தாள். நான் கவனிக்கவில்லை.

எனக்கு நம்பிக்கை தந்தது அவர் சொன்ன ஈரி கால்வாய்க் கதை. அது உண்மையான கதை. நியூயார்க் மாநிலம் 1817இல் தோண்டத் தொடங்கி 1825இல் 363 மைல் கால்வாயை முடித்தது. சுமார் 70 லட்சம் டாலர் செலவு. பெரும்பகுதியைக் கடன் பத்திரம் விற்றுத் திரட்டினார்கள். படகுகளிடம் வசூலித்த சுங்கம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தது, கடன் கொடுத்தவர்களுக்கு முதலும் வட்டியும் திரும்பக் கிடைத்தன. "அங்கே கொடுத்தார்கள் என்றால் இங்கேயும் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?" என்று கேட்டார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

இருந்தாலும் சோதிக்காமல் வாங்கவில்லை. பழைய ஆவணங்கள் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். காகிதம், அச்சு, கையொப்பம் எல்லாம் அசல் என்றார். மறுநாளே பணத்தை அனுப்பிவிட்டேன். தாள் போலியா என்று மட்டும்தான் விசாரித்தேன். அதில் எழுதியிருக்கும் கடனை இன்று யார் அடைக்க வேண்டும் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

அதை எனக்குச் சொன்னவர் ஒரு நூலகர். தாளில் 1846ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் குறிப்பு இருந்தது. நானும் அதைப் படித்திருந்தேன், பொருள்தான் உறைக்கவில்லை.

ஈரியின் வெற்றியைப் பார்த்த இண்டியானா 1836இல் கால்வாய், சாலை, ரயில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கோடி டாலர் கடன் வாங்கச் சட்டம் போட்டது. மாநிலத்தின் ஆண்டு வரி வருவாய் அப்போது ஒரு லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. அதோடு நிற்காமல், பத்திரங்களைத் தவணைக்குக் கொடுத்தார்கள். அவற்றை வாங்கி விற்ற நியூஜெர்சியின் மாரிஸ் கால்வாய் - வங்கி நிறுவனம் பணத்தை முழுதாகக் கட்டுமுன்பே நொடித்துப்போனது. 1837இல் நாடு முழுவதும் வந்த நிதி நெருக்கடி வேறு. 1841இல் மாநிலம் வட்டி கொடுப்பதை நிறுத்தியது.

கடன் கொடுத்தவர்கள் சார்பில் சார்லஸ் பட்லர் என்ற நியூயார்க் வழக்கறிஞர் வந்து பேசினார். 1846, 1847ஆம் ஆண்டுச் சட்டங்களில் கடன் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பாதிக்கு மாநிலம் பொறுப்பு. மறு பாதிக்குப் பதிலாக வாபாஷ் - ஈரி கால்வாயே அறங்காவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கால்வாயின் சுங்கத்திலும் நிலங்களிலும் என்ன வருகிறதோ அதிலிருந்து மட்டுமே அந்தப் பாதியை அடைக்க வேண்டும். என் தாள் அந்த மறு பாதியைச் சேர்ந்தது.

கால்வாய் 1853இல் மாநிலத்தின் தென்கோடியில் உள்ள எவன்ஸ்வில் நகரைத் தொட்டது. பக்கத்திலேயே ரயில் பாதையும் வந்துவிட்டது. போட்டிக்கு ரயிலை அனுமதித்து எங்கள் வருமானத்தைக் கெடுத்தது நீங்கள்தானே என்று கடன் கொடுத்தவர்கள் மாநிலத்திடம் முறையிட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். மாநிலமோ 1873இல் தன் அரசியலமைப்பிலேயே ஒரு பிரிவைச் சேர்த்தது: கால்வாய் வருமானத்திலிருந்து மட்டுமே அடைக்கத்தக்க இந்தப் பத்திரங்களுக்கு மாநிலம் பொறுப்பு என்று ஏற்கும் சட்டமோ தீர்மானமோ எக்காலத்திலும் இயற்றக் கூடாது. பத்தாம் அத்தியாயம், ஏழாம் பிரிவு. நீங்களே எடுத்துப் பார்க்கலாம். 1876இல் கால்வாயும் விற்கப்பட்டது. ஆக, சுங்கம் கொடுக்கக் கால்வாயும் இல்லை, கடனை ஏற்க மாநிலமும் இல்லை.

பழம்பொருள் சேகரிப்பவர்களிடம் விலை கேட்டேன். நான் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட யாரும் சொல்லவில்லை.

அந்தப் பிரிவை அச்செடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "அவசரப்படாதீர்கள் தம்பி. எல்லாரும் சேர்ந்து வழக்குப் போடலாம், ஆளுக்கு 500 டாலர் ஆகும்" என்றார். பத்திரம் வாங்கிய மற்றவர்களிடமும் இப்போது அந்த 500 டாலரைக் கேட்டுவருகிறார் என்று தெரிகிறது. கொடுக்காதீர்கள். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் ரசீதையும் அவர் அனுப்பிய குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வைத்திருந்து, வெட்கப்படாமல் என்னிடம் சொல்லுங்கள். அடுத்த வாரம் கூடுதல் ஆவணங்களைக் கொடுக்கப் போகிறேன், உங்களுடையதையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.