அலர்ஜி மாத்திரை: முதல் தலைமுறையா, இரண்டாம் தலைமுறையா?

தும்மல், மூக்கொழுகல், அரிப்பு என்று மாத்திரை தேடுபவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குழம்புகிறார்கள்.

முதல் தலைமுறை (பழைய வகை): குளோர்பெனிரமின், 1946-இல் வந்த டைஃபென்ஹைட்ரமின்.
இரண்டாம் தலைமுறை (பிறகு வந்த புதிய வகை): செட்டிரிசின், லொராடடின், ஃபெக்ஸோஃபெனடின்.

தூக்கம்: முதலாவது மூளைக்குள் எளிதில் நுழைந்துவிடும், கண் சொக்கும். தூக்கம் வரவில்லையே என்று வண்டியை எடுத்துவிடாதீர்கள். நமக்கே தெரியாமல் கவனம் மந்தமாகும். இரண்டாவது அவ்வளவாக நுழையாது. செட்டிரிசின் மட்டும் சிலருக்குக் கொஞ்சம் தூக்கம் தரும்.

நேரம்: முதலாவது 4 முதல் 6 மணி நேரம் வேலை செய்யும். இரண்டாவது பெரும்பாலும் 24 மணி நேரம்.

மற்ற தொல்லை: முதலாவதில் வாய் வறளும், மலச்சிக்கல் வரும், சிலருக்குச் சிறுநீர் அடைக்கும். இரண்டாவதில் இவை குறைவு.

அதற்காகப் புதியதெல்லாம் பத்திரம் என்றும் இல்லை. இரண்டாம் தலைமுறையில் ஆரம்பத்தில் வந்த டெர்ஃபெனடின், சிலருக்கு இதயத் துடிப்பைக் குலைத்ததால் 1990-களின் கடைசியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

சரி, யாருக்கு எது? வேலை, படிப்பு, வண்டி என்று நாள் முழுக்க ஓடுபவர்களுக்கு இரண்டாவதுதான். பயணக் குமட்டலுக்கு முதல் தலைமுறை வகைகள்தான் கேட்கும். முதியவர்களும், குளுக்கோமாவோ (கண் அழுத்த நோய்) புராஸ்டேட் வீக்கமோ உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் முதலாவதைத் தொடவே வேண்டாம்.