பிலிம் கழுவ அனுப்புபவர்கள் கவனம்: 18,000 ரூபாவும் ஆறு ரோலும் போச்சு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கறுப்பு வெள்ளை பிலிமில் படம் எடுக்கிற எல்லாரும் இதை வாசியுங்கள். இணையத்தில் ஓடர் எடுத்து பிலிம் கழுவித் தருகிற ஒரு கொழும்புக் கடை என்னை ஏமாற்றிவிட்டது. ஆறு ரோல். கழுவி ஸ்கான் பண்ண 18,000 ரூபா, முழுக்க முற்பணம்.

எடுத்தது கலியாண வீட்டுப் படம் இல்லை. புதுக்குடியிருப்புப் பக்கத்து முதியவர்களின் முகங்கள். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்கள். பல வீடுகளில் பழைய படம் ஒன்றுகூட மிச்சமில்லை. ஒரு அப்பு பெட்டிக்குள் இருந்த சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, விறாந்தையில் பக்கவாட்டு வெளிச்சம் முகத்தில் விழ, மூச்சைப் பிடித்தபடி இருந்தார். வெளிச்சம் குறைவு என்பதால், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைப் பிடிக்கும் வேகம்) 400 உள்ள இல்ஃபோர்ட் எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை பிலிமை 800 என்று வைத்து எடுத்தேன்.

அந்தக் கடையை நம்ப வைத்தது ஒரு கேள்விதான். "தம்பி, 400 பிலிமை எத்தனையில எடுத்தனீங்கள்? அதுக்கேற்ற மாதிரி டெவலப்பர் மருந்தில கூட நேரம் விடவேணும்" என்றார் கடைக்காரர். தொழில் தெரியாதவன் அதைக் கேட்கமாட்டான். "கறுப்பு வெள்ளைக்குத் தனி மருந்து, கையாலதான் கழுவுறம்" என்றும் சொன்னார். அன்றைக்கே காசைப் போட்டேன்.

பிறகு தொடங்கியது இழுத்தடிப்பு. மருந்து முடிஞ்சுது, பொடியன் லீவு, நாளைக்கு அனுப்புறம். கடைசியில் வந்த பார்சலில் ஆறு ரோலும் கண்ணாடி மாதிரி வெறுமை. "உங்கட கமரா ஷட்டர் திறக்கேல்லை தம்பி" என்கிறார்!

பச்சைப் பொய். ஷட்டர் திறக்காவிட்டாலும், பிலிம் ஓரத்தில் கம்பனி பதித்த பெயரும் இலக்கமும் சரியாகக் கழுவினால் கறுப்பாகத் தெரியும். இதில் அதுவும் இல்லை. கலர் பிலிம் கழுவுகிற மெஷினுக்குள் தள்ளியிருக்கிறார்கள், வேறென்ன? அந்த மெஷின் மருந்து பிலிமில் இருக்கிற வெள்ளி உலோகம் முழுவதையும் எடுத்துவிடும். கலர் பிலிமில் சாயம் மிஞ்சும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளிதான். இதைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார். இப்போது என் நம்பரையே தடுத்து வைத்திருக்கிறார். 18,000 ரூபாவில் ஒரு சதம் திரும்பவில்லை. அந்த அப்புவின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

நல்ல கடையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் இருந்தேன், கை நடுங்குகிறது. இப்போதைக்கு இவ்வளவுதான்: முழுக் காசையும் முதலில் கொடுக்காதீர்கள். ஒரு ரோல் மட்டும் அனுப்பிப் பாருங்கள். நெகட்டிவைத் திரும்பக் கேளுங்கள், ஓர எழுத்தைப் பாருங்கள். பிலிம் கழுவுகிற டாங்கும் மருந்தும் கிடைத்தால் வீட்டிலேயே கழுவுங்கள். கொழும்புக்கு அனுப்ப இருப்பவர்கள் அதற்கு முன் உள்பெட்டியில் என்னிடம் கேளுங்கள்.