கத்தோலிக்கப் பள்ளி: ஆண், பெண் தனித்தனியாகவா, சேர்ந்தா?

ஐந்தாம் வகுப்பு வரை ஊர் ஆர்.சி. பள்ளியில் ஒன்றாகப் படித்த பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் பிரித்துவிடுவது நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். பையன் ஃபாதர்கள் நடத்தும் பள்ளிக்குப் போவான், பெண் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்குப் போவாள். பாளையங்கோட்டையில் தூய சவேரியார் பள்ளி என்றால் பையன்கள், இக்னேஷியஸ் கான்வென்ட் என்றால் பெண்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிப் பழகியிருக்கிறோம். நாங்கள் அந்த வழக்கத்தை விட்டு, மகளையும் மகனையும் மறைமாவட்டத்தின் (ஆயரின் நிர்வாகத்தில் உள்ள) இருபாலர் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் சேர்த்தோம். மகள் இப்போது பிளஸ் ஒன், மகன் எட்டாம் வகுப்பு. இந்த ஆண்டு சேர்க்கைக்கு அலையும் பெற்றோர் பலர் விசாரிப்பதால் எழுதுகிறேன்.

கட்டணம், கண்டிப்பு, காலை வழிபாடு, மறைக்கல்வி வகுப்பு ஆகியவற்றில் இருவகைப் பள்ளிகளுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஒரே வேன், ஒரே பெற்றோர் ஆசிரியர் கூட்டம் என்பது வசதிதான், ஆனால் அதற்காக மட்டும் பள்ளியை முடிவு செய்ய முடியாது.

தேர்ச்சியைப் பார்ப்போம். பள்ளிக்கல்வித் துறை பிளஸ் டூ முடிவுகளைப் பள்ளி வகை வாரியாகவும் வெளியிடுகிறது. பெண்கள் பள்ளிகள் முன்னால் நிற்கும், இருபாலர் பள்ளிகள் சற்றே பின்னால், ஆண்கள் பள்ளிகள் நன்றாகவே பின்தங்கியிருக்கும். 2024-இல் மாணவிகள் 96.44 சதவீதமும் மாணவர்கள் 92.37 சதவீதமும் தேறினார்கள். ஆகவே மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பேசினால், மகளுக்குப் பெண்கள் பள்ளி என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. மகனுக்கு ஆண்கள் பள்ளி என்ற வாதத்துக்குத்தான் இந்தக் கணக்கில் ஆதரவு இல்லை.

திருச்சபை என்ன சொல்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. 1929-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் தம் சுற்றுமடலில் இருபாலர் கல்வியைத் தவறு என்றே எழுதினார், அதுவும் வளரிளம் பருவத்தைக் குறிப்பாகச் சுட்டினார். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கல்வி பற்றிய அறிக்கையில் அந்தத் தடை இல்லை. ஆண், பெண் வேறுபாட்டைக் கருத்தில் கொண்டு கற்பியுங்கள் என்பதோடு அது நின்றுகொள்கிறது. பங்குக் கோயிலிலும் எவ்வளவோ மாறிவிட்டது. பாடகர் குழுவில் இருபாலரும் சேர்ந்துதான் பாடுகிறார்கள். 1994-க்குப் பிறகு, பூசையில் குருவுக்கு உதவும் பீடப் பணிக்கும் சிறுமிகள் வரலாம் என்றாகிவிட்டது. ஞாயிறு காலை பீடத்தில் சேர்ந்து நிற்கும் பிள்ளைகள் திங்கள்கிழமை வகுப்பில் சேர்ந்து உட்காரக் கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்களை முடிவெடுக்க வைத்த காரணம் வேறு. தனித்தனிப் பள்ளியில் சேர்த்துவிட்டால் பிள்ளைகள் சந்திக்கவே மாட்டார்கள் என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அப்படி இல்லை. பள்ளி விட்டதும் டியூஷன் சென்டரில் சந்திக்கிறார்கள், பஸ் நிறுத்தத்தில் சந்திக்கிறார்கள், கைப்பேசியில் சந்திக்கிறார்கள். அங்கே ஒரு பையன் ஒரு பெண்ணை மட்டம் தட்டிப் பேசினால் அவனைக் கண்டிக்க யார் இருக்கிறார்கள்? கூட்டாளிகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் அவன் கற்றுக்கொள்வது வாழ்நாள் முழுவதும் கூட வரும். வகுப்பில் அதே பேச்சு பேசினால் ஆசிரியர் காதில் விழுகிறது, அன்றே திருத்தப்படுகிறது.

எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகள் காற்றாலை மாதிரி செய்தார்கள். யாரும் சொல்லாமலே பையன்கள் ஒயரையும் மோட்டாரையும் எடுத்துக்கொண்டார்கள், பெண்கள் ஸ்கெட்ச் பேனாவோடு சார்ட்டுக்குப் போய்விட்டார்கள். இயற்பியல் ஆசிரியை வந்து பார்த்துவிட்டு, சால்டரிங் கருவியை என் மகள் கையில் கொடுத்து, சார்ட்டைப் பையன்களிடம் தள்ளினார். முதல் இணைப்பு விட்டுப்போனது, இரண்டாவது பிடித்துக்கொண்டது. சார்ட்டில் ஒரு பையனின் கையெழுத்து அவ்வளவு அழகாக இருந்தது. வீட்டிலிருந்தும் ஊரிலிருந்தும் பிள்ளைகள் கொண்டுவரும் வழக்கம் அங்கே வெளிப்பட்டது, வெளிப்பட்டதால்தான் திருத்த முடிந்தது. ஆண்கள் பள்ளியில் அந்தப் பேச்சுக்கே இடம் வந்திருக்காது.

இதையே திருப்பிப் பார்த்தால் பெண்கள் பள்ளியின் பலம் தெரியும். அங்கே ஒயர் இணைப்பதும் மைக் பிடிப்பதும் அணிவகுப்பை நடத்துவதும் பெண்கள்தான். யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. கவனிக்காத ஆசிரியர்கள் உள்ள இருபாலர் பள்ளியைவிட நல்ல கன்னியர் மடப் பள்ளி ஒரு பெண்ணுக்கு மேலானது என்றே சொல்வேன். இருபாலர் பள்ளி என்றால் பெண்ணை அனுப்பவே மாட்டேன் என்கிற குடும்பங்களிலிருந்து எத்தனையோ பெண்கள் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிகளால்தான் பிளஸ் டூ வரை படித்தார்கள். அந்தக் கடனை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லை. மகன் இன்னும் எட்டாம் வகுப்புதான். பத்தாம் வகுப்பில் அவன் எப்படி இருப்பான் என்று இப்போதே உறுதி சொல்ல மாட்டேன். இதுவரை பார்த்ததில், அக்காவின் தோழிகளிடம் கணக்கில் சந்தேகம் கேட்க அவன் கூச்சப்படுவதில்லை, தப்பாகச் சொன்னால் வாதாடவும் தயங்குவதில்லை.

இருபாலர் பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மாணவிகளுக்குப் போதுமான, பூட்டு ஒழுங்காக இருக்கும் கழிப்பறைகள் உண்டா, மேல் வகுப்புகளில் ஆசிரியைகள் எத்தனை பேர், புகார் என்றால் பிள்ளை யாரிடம் போக வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். கடந்த சில ஆண்டுகளின் மாணவர் தலைவர்கள் பட்டியலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை என்றால், மகளுக்கு நான் கான்வென்ட்டையே சொல்வேன்.