யூரியாவா, கூட்டெருவா, கோழி எருவா: மலைச்சரிவில் எது கட்டுப்படியாகும்?

இலங்கையின் நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் மரக்கறி செய்கிறவர்களிடம் பசளைப் பேச்சை எடுத்தால் உடனே ‘இரசாயனமா, சேதனமா (இயற்கை எருவா)’ என்று கட்சி பிரிந்துவிடும். என் கணக்கு வேறு. பயிருக்கு வேண்டிய நைதரசன், பொஸ்பரஸ், பொட்டாசியம் எதில் எவ்வளவு இருக்கிறது? அதை மேட்டுக்கு யார் சுமப்பது? மழை எவ்வளவை இழுத்துக்கொண்டு போகும்?

முதலில் சுமை. யூரியாவில் 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூட்டை ஒன்றில் 23 கிலோ. கூட்டெருவில், அதாவது கொம்போஸ்ட்டில், ஒரு வீதம் என்று வைத்தால், அதே 23 கிலோவுக்கு 2,300 கிலோ கூட்டெரு வேண்டும். லொறி நிற்கிற ரோட்டிலிருந்து மேல்மலைக்கு அதைத் தூக்குவது யார்? 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தபோது தேயிலை தடுமாறியது இந்த இடத்தில்தான். கொழுந்து எடுக்க எடுக்க நைதரசனும் மலையிறங்கிப் போகிறது. போனதைத் திருப்பிக் கொடுக்க அத்தனை சாணி எங்கே இருக்கிறது? நவம்பருக்குள் தடையை விலக்கினார்கள். ஆனாலும் 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. எரிபொருள் தட்டுப்பாட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

அதற்காக யூரியாவைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம். வெயிலில் மண்ணுக்கு மேலே தூவிவிட்டால் அமோனியாவாகக் காற்றில் போகும். அடைமழையில் போட்டால் ஓடையோடு போகும். மண் ஈரமாகவும் வானம் வெளுத்தும் இருக்கிற நாளில் போட்டு, மண்ணோடு லேசாகக் கிளறிவிட வேண்டும். வருடக்கணக்கில் போட்டால் மண் புளிக்கும். தேயிலைக்குப் புளித்த மண் பிடிக்கும்தான், ஆனால் புளிப்பை அளக்கிற பீஎச் (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5க்குக் கீழே போனால் அதற்கும் ஆகாது. கவ்வாத்தை, அதாவது செடியை வெட்டிக் குறைப்பதை, ஒட்டிப் புளிப்பைக் குறைக்கிற டொலமைட் தூள் போடுவது அதனால்தான். கோவாவுக்கோ (முட்டைக்கோஸ்) புளித்த மண்ணில் வேர்வீக்க நோய் சீக்கிரம் பிடிக்கும்.

மரக்கறித் தோட்டத்தில் யூரியாவுக்கு உண்மையான போட்டி கூட்டெரு இல்லை, கோழி எருதான். கூட்டெருவைவிட நைதரசன் கூட, சத்தும் சீக்கிரம் கிடைக்கும். ‘சேதனம்தானே’ என்று அள்ளிக் கொட்டுவதில்தான் வில்லங்கம். மக்காத எரு நாற்றைக் கருக்கும். அது போட்ட பாத்தியில் கரட்டைப் பிடுங்கிப் பாருங்கள்: நுனியில் இரண்டு கால், உடம்பெல்லாம் மயிர்போலச் சல்லிவேர். வாங்க வருகிறவர் கையில் எடுத்துப் பார்த்து ஓரமாகப் போட்டுவிடுவார். இன்னொன்று, நைதரசனுக்காக மூட்டை மூட்டையாகக் கொட்டும்போது பொஸ்பரஸ் வேண்டிய அளவைத் தாண்டிச் சேர்ந்துவிடும். மழை மண்ணை அரித்துக்கொண்டு இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கி, கீழே தேங்குகிற தண்ணீரில் பாசியை வளர்க்கும். அத்தனை கோழி எருவுக்கு மேல் டி.எஸ்.பி. என்கிற பொஸ்பரஸ் பசளையும் போடுவது காசைக் கரியாக்கும் வேலை.

லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பின்னால் நாலைந்து பாத்தி மட்டும் வைத்திருப்பவருக்குக் கூட்டெரு போதும். வேறு யோசிக்கவே வேண்டாம். விற்பனைக்கு லீக்ஸ், கோவா போடுகிறவர் மக்கிய கோழி எருவை அளவாக அடிக்கட்டுக்கு (நடுவதற்கு முன்) போட்டு, யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கட்டுக்கு (பயிர் வளரும்போது) வைத்துக்கொள்வதே என் சிபாரிசு. உருளைக்கிழங்குக்குப் பொட்டாஷையும் மறக்கக் கூடாது. தேயிலைக்கு மூட்டைப் பசளையை விட்டால் வழியில்லை. அங்கே சேதனம் என்றால் கவ்வாத்து வெட்டிய கொப்பையும் இலையையும் மலையிலேயே விடுவது. (அந்தக் கொப்புதான் பல வீடுகளுக்கு விறகு. காஸ் விற்கிற விலையில் ‘எடுக்காதே’ என்று யாரிடம் சொல்வது?)

பொஸ்பரஸுக்கு மட்டும் தேயிலைக்காரர் கொஞ்சம் கொடுத்துவைத்தவர். அநுராதபுர மாவட்டத்து எப்பாவலயில் தோண்டுகிற பொஸ்பேட் பாறைத்தூள் தண்ணீரில் லேசில் கரையாது, ஆனால் தேயிலை மண்ணின் புளிப்பு அதை மெல்லக் கரைத்துக் கொடுக்கும். மூன்று நான்கு மாதத்தில் பிடுங்குகிற கரட்டுக்கு அது சரிவராது. கரைந்து வருவதற்குள் அறுவடை முடிந்துவிடும்.